கவிதையா, வசனமா? செவி அறியும் எல்லை

வெள்ளிக்கிழமை நண்பகலில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த பள்ளிவாசல்களில் ஒரு காட்சியைக் காணலாம். இரும்பு ஆலைகளிலும் ஏனைய தொழிற்கூடங்களிலும் உழைப்போர் ஜும்ஆத் தொழுகைக்காக வந்து வரிசையாக அமர்கின்றனர். அவர்களுள் தமிழரும் உண்டு. பீகார், வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தோரும் உண்டு. தமிழில் நிகழும் பயான் வடநாட்டவர்க்கு விளங்குவதில்லை. பின்னர் மிம்பரில் ஓதப்படும் அரபிக் குத்பாவோ இரு சாராரிலும் பெரும்பாலோர்க்கு விளங்குவதில்லை. ஆயினும் குத்பாவின் இடையே இமாம் திருக்குர்ஆனின் ஆயத்து ஒன்றை ஓதத் தொடங்கியதும், அத்தனை பேரும் அதனை உணர்ந்துகொள்கின்றனர். 'இதுவரை வந்தது மனிதரின் உரை. இப்போது வருவது இறைவனின் வாக்கு' என்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஓசையே சொல்லிவிடுகிறது.

வாசக நேயர்களே! இதில் நாம் சிந்திக்க வேண்டிய நுட்பம் ஒன்று அடங்கியிருக்கிறது. கவிதை எது, வசனம் எது என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. அடியை மடக்கி எழுதினால் கவிதை, மடக்காது எழுதினால் வசனம் என்று அச்சுத்தாள் நம் கண்ணைப் பழக்கிவிட்டது. அந்தக் கண் பழக்கத்தைக் கொண்டே திருமறையையும் அளக்க முற்படும் இளைஞர்கள் இன்று நம் வீடுகளில் உண்டு. 'குர்ஆனில் எதுகை வருகிறதே, அது கவிதைதானே?' என்று ஒரு பிள்ளை கேட்கும். 'தமிழாக்கத்தில் படித்தால் வெறும் வசனமாக இருக்கிறதே?' என்று மற்றொரு பிள்ளை கேட்கும். இரண்டும் நேர்மையான வினாக்களே. இவற்றுக்குப் பெற்றோர் தெளிவான விடை பகர வேண்டாமா?

நாம் ஆளும் சொல்லிலேயே இக்குழப்பத்தின் வித்து இருக்கிறது. திருமறையின் ஆயத்தைத் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக 'வசனம்' என்றே வழங்கி வருகின்றனர். தமிழில் வசனம் என்றாலோ உரைநடை என்று பொருள். நாடகத்திலும் திரைப்படத்திலும் பாத்திரங்கள் பேசுவதும் வசனமே. அரபியில் ஆயத்து என்பதன் பொருள் முற்றிலும் வேறு. அது அடையாளம், அத்தாட்சி எனப் பொருள்படும். வானமும் பூமியும் இரவும் பகலும் எவ்வாறு இறைவனின் ஆயத்துகளோ, அவ்வாறே திருமறையின் ஒவ்வொரு வாக்கும் ஓர் ஆயத்து. அதனைப் பாட்டு என்றும் உரைநடை என்றும் அச்சொல் வகைப்படுத்தவில்லை.

கவிஞர்களே அளந்து பார்த்தனர்

திருமறை இறங்கிய காலத்து அரபு மக்கள் கவிதையில் ஊறியவர்கள். குலத்தின் புகழும் பகையும் கவிதையிலே வாழ்ந்தன. அத்தகையோரின் செவியில் விழுந்தபோது இவ்வாக்கை எந்த வகையில் சேர்ப்பது என்பது அவர்களுக்கே விளங்கவில்லை. கவிதை என்றனர் சிலர்; குறிசொல்வோரின் மந்திர மொழி என்றனர் சிலர்; சூனியம் என்றனர் வேறு சிலர்.

கிஃபார் குலத்தைச் சேர்ந்த அபூதர் (ரலி) அவர்களின் சகோதரர் உனைஸ் ஒரு கவிஞர். மக்கா சென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓதியதைக் கேட்டுத் திரும்பிய அவர், குறிசொல்வோரின் பேச்சைத் தாம் அறிந்திருப்பதாகவும் இது அதுவன்று என்றும் உரைத்தார். கவிதையின் சந்தங்களோடு வைத்து ஒப்பிட்டதாகவும், எந்தச் சந்தத்திலும் அது அடங்கவில்லை என்றும் கூறினார். இச்செய்தியை இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹ் நூலில் பதிவு செய்துள்ளார்கள். குறைஷித் தலைவர்களுள் ஒருவனான வலீத் இப்னு முகீராவும், கவிதையின் வகைகள் அனைத்தையும் தான் அறிந்திருந்தும் இதனை அவற்றுள் சேர்க்க இயலவில்லை என்று தன் கூட்டத்தாரிடம் ஒப்புக்கொண்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒருவர் உண்மையைத் தேடியவர். மற்றவர் எதிர்த்து நின்றவர். இருவரின் செவியும் ஒரே சான்றை அளித்தது.

இறைவனும் இதனைத் தன் திருமறையில் தெளிவுபடுத்துகிறான். யாஸீன் அத்தியாயத்தில் (36:69) தன் தூதருக்குக் கவிதையைத் தான் கற்பிக்கவில்லை என்றும், அது அவருக்குத் தகுதியானதும் அன்று என்றும் அறிவிக்கிறான். அல்ஹாக்கா அத்தியாயத்தில் (69:41, 42) இது கவிஞரின் சொல்லும் அன்று, குறிசொல்வோரின் சொல்லும் அன்று என்று இரு கதவுகளையும் அடைக்கிறான். அக்காலக் குறிசொல்வோர் சந்தம் இல்லாமல் எதுகை மட்டும் அமைத்துப் பேசினர். அதற்கு அரபியில் 'ஸஜ்உ' என்று பெயர். கவிதைக்கும் உரைநடைக்கும் இடையே கிடந்த மங்கலான எல்லைநிலம் அது. திருமறை அந்த நிலத்திற்கும் உரியதன்று என்பதே அவ்வாக்கின் கருத்து.

இலக்கண அறிஞர் வகுத்த வரம்பு

இனி, எல்லையை இலக்கணம் எவ்வாறு வகுத்தது என்று காண்போம். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது என்ற பேரறிஞரே அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். அந்நகரத்துக் கடைவீதியில் செம்புக் கொல்லர்களின் சுத்தியல் ஓசையைக் கேட்டபோதே சந்தத்தை அளக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. நாள் முழுதும் இரும்பின் ஓசையில் வாழும் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். ஒரே சீரில் விழும் அடியும், சீர் தவறி விழும் அடியும் அவன் காதுக்கு வெவ்வேறு அல்லவா? கலீல் 15 சந்தங்களை வகுத்தார். பின்வந்த அக்ஃபஷ் என்பார் 16ஆவதைச் சேர்த்தார் என்பர்.

சந்தமும் எதுகையும் கூடி ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லே கவிதை என்று 10ஆம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஅஃபர் வரையறுத்தார். ஆயின் அறிஞர்கள் அவ்வளவில் நிற்கவில்லை. பேச்சின் ஊடே ஒரு தொடர் தற்செயலாகச் சந்தத்தில் அமைந்துவிடுவது உண்டன்றோ? சந்தையில் விலை கூறுவோன் வாயிலும், குழந்தையை அழைக்கும் தாயின் வாயிலும் அத்தகைய தொடர் வரும். அவர்களைக் கவிஞர் என்போமா? எனவே மூன்றாவதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தனர். அதுவே 'கஸ்து', அதாவது நோக்கம். கவிதை இயற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு சந்தத்தில் அமைக்கப்படுவதே கவிதை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630இல், ஹுனைன் போர்க்களத்தில் படை சிதறியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் கோவேறு கழுதையின் மீதிருந்தவாறு, தாம் மெய்யாகவே நபி என்றும் அப்துல் முத்தலிபின் வழித்தோன்றல் என்றும் உரக்க முழங்கினார்கள். அந்த முழக்கம் 'ரஜஸ்' என்னும் சந்தத்தில் அமைந்திருப்பதைக் கண்ட அறிஞர்கள், கவிதை இயற்றும் நோக்கம் அங்கில்லை என்பதால் அது கவிதை ஆகாது என்று விளக்கினர். செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தவை என்று நாம் கற்றிருக்கிறோம். இலக்கணத்திலும் நிய்யத்து எல்லைக்கல்லாக நிற்பதை இங்கே காண்கிறோம்.

மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. கவிதையின் அடி இறுதியில் வரும் இயைபுக்கு அரபியில் 'காஃபியா' என்று பெயர். திருமறையின் வாக்கு இறுதியில் ஒத்து ஒலிப்பதற்கு அப்பெயரை அறிஞர்கள் சூட்டவில்லை. 'ஃபாஸிலா' என்று தனிப்பெயர் தந்தனர். பிரித்துக் காட்டுவது என்று அதன் பொருள். அந்நாஸ் அத்தியாயத்தின் ஆறு வசனங்களும் 'ஸீன்' என்ற எழுத்தில் முடிவதையும், அல்இக்லாஸின் நான்கு வசனங்களும் 'தால்' என்ற எழுத்தில் முடிவதையும் ஓதும் பிள்ளைகளே அறிவர். ஓசை இருக்கிறது, ஆனால் ஓசைக்காகப் பொருள் வளைக்கப்படவில்லை. பொருள் வேறு திசையில் செல்ல வேண்டிய இடத்தில் இயைபு தானே மாறிவிடுகிறது.

நியாயத்தை மறைக்கும் எதுகை

அப்படியானால் இஸ்லாம் கவிதையை வெறுக்கிறதா என்ற ஐயம் எழலாம். இல்லை. கவிஞர்கள் என்னும் பெயரையே தாங்கிய 26ஆம் அத்தியாயம், 227 வசனங்களைக் கொண்டது. அதன் இறுதியில் பள்ளத்தாக்குகள் தோறும் அலைந்து, செய்யாததைச் சொல்லும் கவிஞர்கள் கண்டிக்கப்படுகின்றனர். அக்கண்டனத்தை அடுத்தே, நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோருக்கு விலக்கும் அளிக்கப்படுகிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதை முழங்குவதற்காக மஸ்ஜிதிலேயே மேடை அமைத்துக் கொடுக்கப்பட்டது என்பதும் ஹதீஸ் நூல்கள் அறிவிக்கும் செய்தியே.

கண்டிக்கப்பட்டது எது என்பதை ஒரு வழக்கு நன்கு விளக்குகிறது. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட, ஒருத்தி எறிந்த கல் மற்றவளின் வயிற்றில் பட்டுக் கருவிலிருந்த சிசு இறந்தது. அதற்கு ஈட்டுப் பொருள் கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். குற்றவாளியின் உறவினன் ஒருவன் எழுந்தான். உண்ணாத, பருகாத, பேசாத, அழாத ஒன்றுக்கு ஈடு எதற்கு என்ற கருத்தைச் சொல்லுக்குச் சொல் இயைபு ததும்ப எடுத்துரைத்தான். கேட்டோர் செவிக்கு அது இனித்திருக்கக் கூடும். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் அவனைக் குறிசொல்வோரின் சகோதரன் என்று கண்டித்தார்கள், தீர்ப்பு மாறவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்! எதுகை அங்கே குற்றமன்று. உரியவருக்குச் சேர வேண்டிய உரிமையை எதுகையால் மூட முயன்றதே குற்றம். விபத்தில் கையிழந்த தொழிலாளியின் குடும்பத்திற்கு இனிய சொற்களைத் தந்துவிட்டு ஈட்டுத்தொகையைத் தராமல் விடுவோர் எக்காலத்தும் உண்டு. கடன் வலையை அடுக்குமொழி விளம்பரத்தால் அலங்கரிப்போரும் உண்டு. சொல் பாட்டாக இருக்கிறதா, வசனமாக இருக்கிறதா என்பதோடு, அது உரிமையைத் தாங்குகிறதா, மறைக்கிறதா என்றும் கேட்கும் பழக்கத்தை இவ்வழக்கு நமக்குக் கற்பிக்கிறது.

ஒரு பக்க வசனமும் ஒற்றைச் சொல் வசனமும்

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று அறிவீர்களா? சுவர்க்கத்தின் வருணனையன்று, இயற்கையின் எழிலுமன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. மதீனாப் பதிப்பில் ஒரு முழுப் பக்கத்தை அது நிரப்புகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும், எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், கடன் பெறுபவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது, எழுத்தருக்கும் சாட்சிக்கும் இடையூறு செய்யக் கூடாது. இவையே அதன் பொருள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பத்திரம் எழுதும் அலுவலகத்தின் உரைநடை. இதில் கவிதைக்கு என்ன இடம் என்று தோன்றும். ஆயினும் காரி ஓதும்போது அதே தஜ்வீது, அதே நீட்டல், அதே நிறுத்தம். மறுபுறம் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 64ஆம் வசனம் ஒரே ஒரு சொல்லால் ஆனது. சுவர்க்கச் சோலைகளின் அடர்பசுமையை அது குறிக்கிறது. அந்த அத்தியாயத்தின் 78 வசனங்களில் ஒரே வினா 31 முறை, பாட்டின் பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. பத்திரமும் பல்லவியும் ஒரே நூலில், ஒரே மதிப்போடு, ஒரே ஓசை ஒழுங்கில் அமைந்திருக்கின்றன.

ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த ஊரில் இதன் அருமை தனித்து விளங்கும். எழுதிய தாள் இன்றி வேலைக்குச் சேர்ந்தவன், எழுதிய தாள் இன்றிக் கடன் பட்டவன், பின்னர் எவ்வளவு துயருறுகிறான் என்பதை நாம் அறிவோம். அந்தத் துயரைத் தடுக்கும் வறண்ட வாசகத்தையும் இறைவன் ஓதத் தகுந்ததாக ஆக்கியிருக்கிறான். உயர்ந்த பொருள் பாட்டுக்கு, அன்றாடப் பொருள் வசனத்துக்கு என்று நாம் போட்டுக்கொண்ட கோடு அங்கே அழிந்துவிடுகிறது.

தமிழ் கண்ட வழி

நம் தாய்மொழியும் இவ்வினாவை ஆழ்ந்து சிந்தித்த மொழியே. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டை மட்டும் செய்யுள் என்று கூறவில்லை. உரையையும், பிசி என்னும் விடுகதையையும், முதுசொல் என்னும் பழமொழியையும், மந்திர ஆற்றல் கொண்ட வாய்மொழியையும் அதே வரிசையில் வைத்தார். பனையோலையில் பாட்டை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. தொடர்ந்து எழுதிச் சென்றனர். படிப்பவனின் செவியே அடியைப் பிரித்தது. அச்சு வந்த பின்னரே கண்ணுக்கு அந்த வேலை வந்தது.

இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் இம்மரபில் தழைத்தவர்கள். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளை அவர்கள் தந்தனர். 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த, வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரமசலா' வினா விடையாக நடப்பது; வினாவும் விடையும் வசனத்துக்குரியவை எனினும் செய்யுளில் அமைந்தன. உமறுப் புலவரோ நாயகத்தின் வரலாற்றை 5027 விருத்தங்களில் 'சீறாப்புராணம்' ஆக்கினார். அரபு நாட்டைப் பாடுகையில் தமிழகத்தின் ஆறும் வயலும் சோலையும் அவர் பாட்டில் புகுந்தன. கவிஞனுக்கு அந்த உரிமை உண்டு.

திருமறையை மொழிபெயர்ப்போருக்கு அவ்வுரிமை இல்லை. இங்கேதான் எல்லைக்கோட்டின் பயன் தெளிவாகிறது. விருத்தமாக யாத்தால் சீர் நிரம்ப ஒரு சொல் சேர்க்க நேரும். எதுகைக்காக ஒரு சொல்லை மாற்ற நேரும். இறைவாக்கில் அத்தகைய கூட்டல் தகுமா? ஆகவேதான் மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்லாண்டு உழைத்துத் திருமறை முழுமையையும் தமிழாக்கியபோது உரைநடையையே கைக்கொண்டார்கள். தமிழாக்கம் வெறும் வசனமாகத் தோன்றுகிறதே என்று குறைபடும் பிள்ளைக்கு இதுவே விடை: அந்த எளிமை குறையன்று, அமானிதத்தைக் காக்கும் பேணுதல். ஓசை மூலத்தில் இருக்கிறது. பொருள் தமிழில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே நம் கடமை.

மறுபுறம், தமிழ்க் கவிதையே வசனத்தை நோக்கி நடந்து வந்தது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றி எழுதிய பாரதியார், தாமும் வசன கவிதை படைத்தார். ந. பிச்சமூர்த்தி அவ்வழியில் தொடர்ந்தார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்குக் களமாயிற்று. 'உடைத்துப் போட்ட உரைநடை' என்று மரபுவாணர்கள் எள்ளிய அக்கவிதையில் முன்னின்றோருள் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த மூவர் உண்டு. மதுரையில் பிறந்த அப்துல் ரகுமான் 1999ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். 1974இல் 'கண்ணீர்ப் பூக்கள்' வெளியிட்ட பெரியகுளம் மு. மேத்தா 2006ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றார். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் மறைந்த பின்னர் 2017ஆம் ஆண்டுக்கான விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் குடும்பத்தார் அதனை ஏற்க மறுத்தனர்.

அரபு நாடுகளிலும் இதே வழக்கு நடந்தது. 1947இல் புதிய வடிவக் கவிதைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் ஈராக்கியப் பெண் கவிஞர் நாஸிக் அல்மலாயிகா. ஆயின், பெய்ரூத்திலிருந்து 1957இல் தோன்றிய 'ஷிஅர்' இதழைச் சார்ந்தோர் சந்தத்தை முற்றிலும் துறந்து உரைநடைக் கவிதை என்று பெயரிட்டபோது, சந்தம் இன்றிக் கவிதை இல்லை என்று அவரே எதிர்த்து எழுதினார். கதவைத் திறந்தவரே 'இவ்வளவுதான்' என்று வாசலில் நின்றார். எல்லை மங்கலாகலாம், எல்லையே வேண்டாம் என்று சொல்வது எளிதன்று என்பதற்கு இது சான்று.

நிறுத்தமே பொருள்

புதுக்கவிதையில் வரி முறியும் இடத்தில் மூச்சு நிற்கிறது. மூச்சு நிற்கும் இடத்தில் பொருள் அழுந்துகிறது. திருமறை ஓதுவோர் இதனை வேறொரு பெயரால் அறிவர். அதுவே 'வக்ஃபு', அதாவது நிறுத்தம். நாயகம் (ஸல்) அவர்கள் வசனம் வசனமாக நிறுத்தி ஓதியதாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வரியின் மேலே பொடி எழுத்தாக இடப்படும் 'மீம்', 'ஜீம்', 'லா' முதலிய குறிகள் எங்கே நிற்பது கட்டாயம், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்று காட்டுகின்றன. ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில் ஓரிடத்தில் நிறுத்தினால் ஒரு பொருளும், நிறுத்தாது தொடர்ந்தால் மற்றொரு பொருளும் கிடைப்பதை விரிவுரையாளர்கள் நெடிதும் ஆய்ந்துள்ளனர். அச்சில் வரி முடிவது தாளின் ஓரத்தால். ஓதுதலில் வாக்கு முடிவது பொருளின் ஓரத்தால்.

பழவேற்காடு உணர்த்தும் பாடம்

இந்த நிறுத்தங்களை அறிந்தோர் மறைந்துவிட்டால் என்ன நேரும்? கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரிக்கரையில் அமைந்த பழவேற்காடு அதற்கு விடை கூறும். 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டுவதற்கு முன்பே கடல் வாணிபத்தில் பேர்பெற்ற ஊர் அது. அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்தோரின் வழியினர் தாங்கள் என்ற மரபுச் செய்தியை அங்குள்ள முஸ்லிம்கள் போற்றி வருகின்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் அங்கே வழங்கியது. கீழக்கரை, காயல்பட்டினம் முதல் இலங்கை வரை சட்ட நூலும், தொழுகை விளக்கமும், புகழ்மாலையும், தாலாட்டும் அந்த எழுத்திலேயே எழுதப்பட்டன.

அடிதோறும் வரியை மடக்கும் இன்றைய அச்சு வழக்கத்தை அக்கால ஏடுகளில் எதிர்பார்க்க இயலாது. ஓர் ஏட்டைத் திறந்தால் எது பாட்டு, எது வசனம் என்று கண் திகைக்கும். மெட்டு அறிந்த பாட்டி ஒருத்தி வாய் திறந்தால் மறுகணமே அது தாலாட்டு என்று விளங்கிவிடும். அவள் மறைந்துவிட்டால்? எழுத்து எஞ்சும், பாட்டு மாண்டுவிடும். தாளில் இருப்பது வசனமாகிவிடும். கவிதை வசனமாக மாறுவது இவ்வாறுதான், அன்பர்களே! எந்தப் புதுமைவாதியும் அதைச் செய்வதில்லை. நம் மறதியே செய்கிறது.

நம் வீடுகளில் ஓதப்பட்டு வந்த சுப்ஹான மவ்லூதை எண்ணிப் பாருங்கள். அதனை ஓதுவது பற்றிய கருத்து வேறுபாடு இங்கே நம் பொருளன்று. அதன் அமைப்பே நம் பொருள். ஒருவர் தனித்து எதுகை செறிந்த உரைநடையில் வரலாற்றை ஓதுவார். அது முடிந்ததும் கூடியிருப்போர் அனைவரும் பைத்தை மெட்டோடு பாடுவர். உரையும் பாட்டும் மாறி மாறி வரும். எங்கே தனிக்குரல், எங்கே பல குரல் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். எழுத்தறியாத தாய்மாரும் அறிந்திருந்தனர். இலக்கணம் படியாமலே அவர்கள் எல்லையை அறிந்தது செவியால் அன்றோ?

நாம் செய்ய வேண்டுவது

ஆகவே, வாசக நேயர்களே, பிள்ளைகள் கேட்கும் வினாவுக்கு விடை இதுவே. திருமறை கவிதையன்று, கவிஞர்களே அளந்து பார்த்துக் கைவிட்டனர். வழக்கமான உரைநடையுமன்று, எதுகை மொழியான ஸஜ்உம் அன்று. அதற்கு அதுவே வகை. மனிதர் படைக்கும் கவிதைக்கும் வசனத்துக்கும் இடையே உள்ள எல்லையோ ஓசையாலும் நோக்கத்தாலும் அமைகிறது. தாளில் வரி மடங்கும் விதத்தால் அன்று.

இந்த விடையைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாது, செவிக்குப் பயிற்சியும் தர வேண்டும். நாளும் சிறிது நேரம் வீட்டில் ஒருவர் திருமறையை நிறுத்த முறைப்படி ஓத, மற்றவர் அதன் தமிழாக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். அலைபேசியின் திரையில் கண்ணை ஓடவிடுவது படிப்பாகாது. ஆலையில் இரவுப் பணி முடித்து வரும் தந்தையாயினும் விடுமுறை நாளில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். வீட்டில் அரபுத் தமிழ் ஏடு ஏதேனும் இருப்பின், அதனைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதை மெட்டோடு படிக்கத் தெரிந்த முதியவர் இருப்பாராயின், அவர் குரலை இன்றே பதிவு செய்யுங்கள். அலைபேசிக்கு அதைவிடச் சிறந்த பணி வேறில்லை.

கவிதை எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மரபில் எழுதினாலும் புதுக்கவிதை எழுதினாலும், செய்யாததைச் சொல்லாதீர்கள். ஒருவரின் உரிமையை இனிய ஓசையால் மறைக்காதீர்கள். வசனம் எழுதும் கைகளுக்கும் அதுவே விதி. சம்பளப் பதிவேடாயினும் கடன் பத்திரமாயினும், நீதியோடு எழுதப்படும் ஒவ்வொரு வரியும் இறைவனின் கட்டளைக்குப் பணிந்த வரியே.

கேட்கும் செவியையும், உணரும் உள்ளத்தையும், உண்மையைத் தாங்கும் சொல்லையும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.